நிழல் விழாத நண்பகலும் ஒரு பிள்ளையின் இரண்டு குறிப்புகளும்

ஏப்ரல் பிறந்தால் நம் பத்திரிகைகளில் சூரியனைப் பற்றி இரண்டு அறிவித்தல்கள் வரும். ஒன்று வளிமண்டலவியல் திணைக்களத்தினுடையது. சூரியனின் வடதிசை நோக்கிய தோற்ற நகர்வு காரணமாக ஏப்ரல் 5 முதல் 14 வரை இலங்கைக்கு நேர் மேலாகச் சூரியன் உச்சம் கொடுக்கிறது, இன்று நண்பகல் இத்தனை மணிக்கு இன்னின்ன ஊர்கள் என்று நாலு வரியில், காலநிலைப் பெட்டிக்குள் ஒடுங்கிக் கிடக்கும். மற்றது பக்கம் பக்கமாக வரும். புத்தாண்டு பிறக்கும் நேரம், புண்ணியகாலம், மருத்துநீர் வைப்பது எப்போது, கைவிசேஷம் கொடுப்பது எப்போது, என்ன நிறத்தில் உடுப்பது, கடைசியில் பன்னிரண்டு ராசிக்கும் வருடபலன்.

இரண்டுமே கணக்குப் போட்டுத்தான் எழுதப்படுகின்றன. இரண்டும் அதே சூரியனைப் பற்றியவைதான். எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பக்கம் முதலாவதை யாரும் வாசிப்பதில்லை. இரண்டாவதை வெட்டியெடுத்துச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைப்பார்கள்.

நான் விஞ்ஞான பாடம் படிப்பிக்கிறவன். முதலாவது அறிவித்தலைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்துவது என் ஏப்ரல் வேலை. நுவரெலியா, தலவாக்கலை, அட்டன் எல்லாம் ஏறக்குறைய 7 பாகை வட அகலாங்கில் இருக்கின்றன. ஆகவே ஏப்ரல் 7, 8 அளவில், பகல் 12.10ஐ ஒட்டி, சூரியன் எங்கள் உச்சந்தலைக்கு மேலே வந்துவிடும். விடுமுறைக்கு முந்திய அந்த நாட்களில் மைதானத்தில் ஒரு பைப் துண்டைத் தூக்குக்குண்டு பிடித்து நேராக நடுவோம். மலைநாட்டில் ஏப்ரல் என்றால் பின்னேரம்தான் இடியும் மழையும். நண்பகலில் பெரும்பாலும் வெயில் இருக்கும். பைப்பின் நிழல் சுருங்கிச் சுருங்கி அதன் அடிக்குள்ளேயே போய்விடும். பிள்ளைகள் தங்கள் நிழலைத் தேடிச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள். சூரியன் தெற்கே திரும்பும்போது, செப்டெம்பர் முதல் வாரத்தில், இன்னொரு தடவையும் இதைச் செய்யலாம்.

ஒரு தடவை எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கேட்டது: "சேர், நிழல் விழுந்துட்டா என்னா அர்த்தம்?"

அதைவிட நல்ல கேள்வியை நான் வகுப்பறையில் கேட்டதில்லை. நிழல் விழுந்தால் எங்கேயோ பிழை இருக்கிறது. பைப் சரிந்திருக்கலாம், கைக்கடிகாரம் பிந்தியிருக்கலாம், நாளைத் தப்பாகப் பார்த்திருக்கலாம், திணைக்களத்தின் கணக்கே பிசகியிருக்கலாம். எது என்று தேடிப் பிடிக்கிறவரை விட முடியாது. பதினைந்து சென்றிமீற்றர் நிழல் கொழும்பிலிருக்கும் ஒரு அரசாங்கத் திணைக்களத்தைக் கேள்வி கேட்க முடிகிறது. அதே கேள்வியை மற்றப் பக்கத்துக்குத் திருப்பிக் கேட்டுப் பாருங்கள். 'மிதுன ராசிக்காரர்களுக்கு இந்த வருடம் நன்மையும் தீமையும் கலந்த பலன், தேகாரோக்கியத்தில் கவனம் தேவை, எதிர்பாராத இடத்திலிருந்து உதவி கிட்டும்.' எது நடந்தால் இது பிழையென்று ஒத்துக்கொள்வோம்? நான் யோசித்துப் பார்த்துவிட்டேன். எதுவும் இல்லை. தடிமன் வந்தாலும் பலித்தது, வராவிட்டாலும் கவனமாக இருந்ததால் பலித்தது.

இதைச் சொன்னதும் பஞ்சாங்கத்தையே நான் பழிக்கிறேன் என்று நினைக்கக் கூடாது. பஞ்சாங்கத்தில் பாதி வானியல்தான். அமாவாசை எப்போது, கிரகணம் எப்போது பிடித்து எப்போது விடும் என்பதெல்லாம் பொய்யாகக்கூடிய கூற்றுகள், அதனாலேயே மதிப்புள்ளவை. 1825இல் ஜோன் வாரன் என்ற வெள்ளைக்காரர் புதுச்சேரியில் வசித்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். அந்த மனிதர் காகிதம் தொடவில்லை. தரையில் சோழிகளை அடுக்கி, கணக்கு எண்களைச் சொற்களாக மாற்றி மனப்பாடம் செய்திருந்த வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லி, அந்த வருடம் மே 31 இரவு வந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிடம் பிசகு, நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். பல நூற்றாண்டு பழைய வாய்பாட்டை வைத்துக்கொண்டு, சோழியால், இந்த அளவுக்கு! எனக்கு அந்த 52 நிமிடப் பிசகுதான் பிடித்திருக்கிறது. ஒரு நேரத்தைக் குறித்துச் சொன்னவரைத்தான் 52 நிமிடம் பிசகினார் என்று சொல்ல முடியும்.

அந்தப் பிசகுகள் ஏன் முக்கியம் என்பது 2020 டிசம்பர் 21ஆம் திகதி மாலை எங்கள் லயத்து வாசலிலிருந்தே தெரிந்தது.

அன்றைக்கு வியாழனும் சனியும் வானத்தில் ஒட்டிக்கொண்டு நின்றன. 1623க்குப் பிறகு அவை அவ்வளவு நெருங்கியதில்லை. இடைவெளி ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு. முழுநிலவின் அகலத்தில் ஐந்தில் ஒன்று. கொரோனாக் காலம், வெளியே போக வழியில்லை. சூரியன் இறங்கியதும் தென்மேற்கே மலைக்கு மேல் மேகம் விலகிய இடத்தில் ஒரே நட்சத்திரம் போல அது தெரிந்தது. கூர்ந்து பார்த்தால் இரண்டு புள்ளி. கோயில் பஞ்சாங்கம் பார்க்கிற எங்கள் பெரியப்பாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வுபெற்றவர். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

அவர் கையிலிருந்தது அந்தப் பழைய வாக்கியங்களை வைத்தே கணிக்கும் வாக்கிய பஞ்சாங்கம். அதன்படி குரு நவம்பர் 15ஆம் திகதியே தனுசு விட்டு மகரத்துக்குப் போய்விட்டார். சனி மகரத்துக்கு வருவது டிசம்பர் 27ஆம் திகதி. அதாவது அந்த மாலையில் குரு ஒரு ராசி, சனி வேறு ராசி. இரண்டுக்கும் நடுவே ஏழெட்டுப் பாகை இருக்க வேண்டும். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் கிட்டத்தட்டப் பத்துப் பாகை. அந்த முஷ்டியில் பெரும்பகுதி நுழைகிற இடைவெளி இருந்திருக்க வேண்டிய இடத்தில், ஒரு குண்டூசி நுழையும் இடைவெளிகூட இல்லை.

வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்திய எண்களால் கணிக்கும் திருக்கணித பஞ்சாங்கக்காரர்கள் சனியை 2020 ஜனவரி 24ஆம் திகதியே மகரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அதனால் அவர்கள் கணக்கில் அன்றைக்கு இரண்டும் சேர்ந்தே இருந்தன. ராசி எங்கே தொடங்குகிறது என்பது மனிதர் போட்ட கோடுதானே, அந்தக் கோட்டின் இடத்தைத் தீர்மானிக்கும் அயனாம்சத்தை மாற்றினால் எல்லாம் மாறுமே என்று விவரம் தெரிந்த யாராவது கேட்கலாம். சரியான கேள்விதான். ஆனால் கோட்டை எங்கே போட்டாலும் இரண்டு கோள்களுக்கு இடையிலான தூரம் மாறாது. ஒட்டி நிற்கிறதா, விலகி நிற்கிறதா என்பதற்கு எந்த அயனாம்சமும் வேண்டாம், கண் போதும்.

பெரியப்பாவிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "கண்ணுக்குத் தெரியுறது வேற தம்பி, சாஸ்திரக் கணக்கு வேற. ரிஷிங்க சொன்னத நாம மாத்தக்கூடாது." டிசம்பர் 27ஆம் திகதி கோயிலில் சனிப்பெயர்ச்சிப் பூசை நடந்தது, எள்ளெண்ணெய் விளக்கு எரிந்தது. 2023இலும் இதே கதைதான்: கும்பத்துக்குத் திருக்கணிதப்படி ஜனவரி 17, வாக்கியப்படி டிசம்பர் 20. இடையில் பதினொரு மாதம். ஏழரைச் சனி முடிந்ததா இல்லையா என்பதே தெரியாமல் பதினொரு மாதம் பரிகாரம் செய்தவர்களை எனக்குத் தெரியும்.

பெரியப்பாவின் பதிலில்தான் எல்லாம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவதும் கணக்கும் முட்டிக்கொண்டால் எதை விடுவது? ஜெர்மானிய வானியலாளர் கெப்ளருக்கு இதே சங்கடம் வந்தது. செவ்வாயின் பாதையை வட்டமாக வைத்துப் பல வருடம் கணக்குப் போட்டுப் பார்த்தார். டைக்கோ பிராஹே அளந்து வைத்திருந்த இடத்துக்கும் கணக்குக்கும் 8 கலை வித்தியாசம் வந்தது. ஒரு பாகைக்கு 60 கலை. டைக்கோ அவ்வளவு பிழைவிடக்கூடிய ஆளில்லை என்று கெப்ளருக்குத் தெரியும். அதனால் இரண்டாயிரம் வருட வட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு நீள்வட்டத்துக்குப் போனார். 1609இல் அது புத்தகமாக வந்தது. கெப்ளர் ஜாதகமும் கணித்துக் கொடுத்தவர் என்பது பலருக்குத் தெரியாது. ஒரே ஆள், இரண்டு வேலை. 8 கலைக்காக ஒன்றைத் தலைகீழாக மாற்றினார். நம் ஊரில் ஏழெட்டுப் பாகை, 400 கலைக்கு மேல், எந்தச் சலனமும் உண்டாக்காமல் போய்விட்டது.

இது வெள்ளைக்காரன் புத்தி, நம் மரபில் கண்ணால் பார்த்துத் திருத்தும் பழக்கம் கிடையாது என்று யாராவது சொன்னால், கேரளத்துப் பரமேஸ்வரரை ஞாபகப்படுத்துங்கள். ஆரியபட்டர் வழிவந்த கணக்கை வைத்துக்கொண்டு கிரகணங்களையும் கோள்களையும் 55 வருடம் கவனித்தார். பழைய எண்கள் வானத்தோடு பொருந்தவில்லை என்று கண்டு, 1431இல் 'திருக்கணிதம்' என்ற புதிய முறையை எழுதினார். ரிஷிகள் மேல் அவருக்கு மரியாதை குறைவில்லை. எண்களை மட்டும் மாற்றினார்.

இங்கே திருக்கணிதக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சனி எங்கே நிற்கிறது என்பதை நீங்கள் சரியாகச் சொல்கிறீர்கள், நல்லது. அது அங்கே நிற்பதால் பொகவந்தலாவையில் ஒருவருக்குக் கடன் தீரும் என்பது வேறொரு கூற்று. முதலாவதன் சரித்தன்மையை இரண்டாவதற்கு இரவல் கொடுக்க முடியாது. கிரகணத்தைச் சொன்னபடி பிடிக்க வைக்கிறவர் கல்யாணத்தையும் சரியாகத்தான் சொல்வார் என்று நாம் நம்புவது இந்த இரவல் வாங்கலால்தான்.

வானியல்காரர்கள் தோற்றதே இல்லையா? நன்றாகத் தோற்றிருக்கிறார்கள். பிரான்சில் லெவெரியே, யுரேனஸ் தன் பாதையில் தடுமாறுவதைப் பார்த்து, இன்னொரு கோள் அதை இழுக்கிறது, இந்த இடத்தில் தேடுங்கள் என்று பெர்லினுக்குக் கடிதம் போட்டார். 1846 செப்டெம்பர் 23 இரவு, அவர் சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் கிடைத்தது. அதே மனிதர் பிறகு புதன் கோளின் தடுமாற்றத்துக்கும் அதே வைத்தியம் சொன்னார்: சூரியனுக்குப் பக்கத்தில் இன்னொரு கோள், பெயர் வல்கன். அவருக்கு அப்போது உலகப் புகழ். சிலர் கண்டதாகவும் சொன்னார்கள். ஆனால் திரும்பத் திரும்பத் தேடியும் வல்கன் உறுதியாகவில்லை. 1915இல் ஐன்ஸ்டைன் ஈர்ப்பையே வேறுவிதமாக விளங்கிக்கொண்டு, நூற்றாண்டுக்கு 43 விகலை (ஒரு கலைக்கு 60 விகலை) என்ற அந்தச் சின்ன மிச்சத்தைக் கணக்கில் கொண்டுவந்தார். லெவெரியேயின் புகழ் வல்கனைக் காப்பாற்றவில்லை.

நம் நாட்டில் 2015 ஜனவரி 8 தேர்தலை நினைத்துப் பாருங்கள். வெற்றி நிச்சயம் என்று சோதிடர் சொல்லி, பதவிக்காலம் மீதமிருக்க அன்றைய ஜனாதிபதி தேர்தலுக்குப் போனார், தோற்றார். அதன்பிறகு சோதிடத்தில் எந்தச் சூத்திரம் திருத்தப்பட்டது? எந்தக் கிரகத்தின் பலம் குறைத்து எழுதப்பட்டது? அடுத்த தேர்தலுக்கும் பத்திரிகைகள் சோதிடர்களிடம்தான் போயின.

பரீட்சித்துப் பார்ப்பதற்குப் பெரிய தொலைநோக்கி ஒன்றும் வேண்டாம் என்பதற்கு எங்கள் தோட்டத்து உலக்கை சாட்சி. 2019 டிசம்பர் 26 காலை சூரிய கிரகணம். யாழ்ப்பாணப் பக்கம் வளையமாகவே தெரிந்தது, எங்களுக்குப் பகுதிக் கிரகணம். தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தினால் கிரகண நேரத்தில் மட்டும் தானாக நிற்கும் என்பது தெரிந்த கதை. நிறுத்தினார்கள், நின்றது. லயமே கூடிப் படம் எடுத்தது. அடுத்த நாள் காலையில் அதே உலக்கை, அதே தாம்பாளம், அதே நேரம். பக்கத்து வீட்டுப் பையன் கொஞ்சம் பொறுமையாகப் பிடித்துவிட்டான். அதே மாதிரி நின்றது. அதை யாரும் படம் எடுக்கவில்லை. அடிப்பக்கம் தட்டையான உலக்கை எந்த நாளிலும் நிற்கும், ஆனால் கிரகணம் இல்லாத நாளில் யாருக்கு அதை நிறுத்திப் பார்க்கத் தோன்றும்? ஒரு விளைவுக்கு ஒரு காரணத்தைச் சொன்னால், அந்தக் காரணம் இல்லாத நேரத்திலும் பார்க்க வேண்டும். இந்த ஒரு பழக்கம் வந்தால் பாதி வேலை முடிந்தது என்று பிள்ளைகளிடம் சொல்வதுண்டு.

சோதிடத்தை இப்படிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கொழும்பில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூரைப் பழைய ஆட்களுக்குத் தெரியும். அபூர்வ சக்தி உள்ளவர் எவரும் மோசடிக்கு இடமில்லாத சூழலில் நிரூபித்தால் ஒரு லட்சம் ரூபாய் என்று பகிரங்கமாகச் சவால் விட்டார். சோதிடர்களுக்கும் அதில் இடம் இருந்தது: பிறந்த நேரமும் இடமும் தருகிறேன், ஆணா பெண்ணா, உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று மட்டும் சொல்லுங்கள். 1978இல் அவர் இறக்கும்வரை அந்தப் பணத்தை யாரும் வாங்கவில்லை. பூனாவில் வானியலாளர் ஜயந்த் நார்லிகர் இன்னும் ஒழுங்காகச் செய்தார். படிப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகளின் ஜாதகங்களையும் மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் ஜாதகங்களையும் கலந்து, பெயரில்லாமல், ஆளுக்கு நாற்பதாகச் சோதிடர்களிடம் கொடுத்தார். பிரித்துத் தந்தவர்கள் 27 பேர். சராசரியாக 46 சதவீதம் சரி. காசைச் சுண்டிப் போட்டிருந்தால் 50 கிடைத்திருக்கும்.

இதையெல்லாம் அத்தையிடம் சொன்னால் எடுபடாது. அத்தையின் மகளுக்கு வரன் வந்து வந்து தட்டிக்கொண்டிருந்த காலம் அது. பிள்ளை பிறந்தது 1998 டிசம்பர் முதல் வாரம், மாலை ஏழு மணியளவில். மிதுன லக்னம், நாலில் செவ்வாய், தோஷம். வருகிறவர்கள் ஜாதகக் குறிப்பைப் பார்த்ததும் தேத்தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். கொழுந்து பறித்துப் பிள்ளையைப் படிக்கவைத்த அத்தைக்கு அது பெரிய துக்கம். நானும் வேறு வழியில்லாமல் கணினியில் ஒரு ஜாதக மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். ரிஷப லக்னம் வந்தது. செவ்வாய் ஐந்தில். தோஷமே இல்லை.

காரணம் கடிகாரம். 1996 மே மாதம் மின்சாரத் தட்டுப்பாட்டுக்காக நாட்டுக் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். அந்த ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு எடுத்தார்கள். 2006 ஏப்ரல் 15ஆம் திகதிதான் பழைய நேரத்துக்குத் திரும்பினோம். இடைப்பட்ட பத்து வருடத்தில் பிறந்த பிள்ளைகளின் நேரத்தில் அதைக் கழித்துக் கணிக்க வேண்டும். பிள்ளையின் குறிப்பை எழுதியவர் கழிக்கவில்லை. லக்னம் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மாறுவது. எல்லையில் பிறந்த பிள்ளைக்கு அரை மணித்தியாலத்தில் ராசிக்கட்டம் முழுவதும் ஒரு வீடு நகர்ந்துவிட்டது. அதற்கு முந்திய தலைமுறையை யோசித்தால் தலை சுற்றும். லயத்தில் மருத்துவிச்சி கையில் பிறந்து, வேலைக்கு ஆள் கூட்டப் பறை அடிப்பதை வைத்து 'பெரட்டுத் தப்பு அடிச்ச நேரம்' என்று பிறந்த நேரம் சொன்னவர்களுக்கெல்லாம் நவாம்சம் வரை எழுதிய குறிப்புகள் இருக்கின்றன. ராசியை ஒன்பதாகப் பிரிக்கும் நவாம்சம் கால் மணித்தியாலத்துக்குள் மாறிவிடும்.

அந்தப் பிழைக் குறிப்பைக் குடும்பமே இருபது வருடத்துக்கு மேலாக வாசித்து, 'அப்படியே இருக்கே' என்று வியந்துவந்திருக்கிறது. அதுதான் என்னை உறுத்தியது. சரி, ஒரு சோதனை செய்து பார்ப்போம் என்று, பழைய குறிப்பிலிருந்து குணபலனை ஒரு தாளிலும், ரிஷப லக்னத்துக்கான பலனை வேறொரு தாளிலும் எழுதினேன். லக்னம், கிரகம், வீடு எதையும் போடவில்லை. ஒரே பேனை, ஒரே அளவு எழுத்து. ஒன்றில் பேச்சுத்திறன், சட்டென்று மனம் மாறுதல், இரண்டு காரியத்தை ஒன்றாகத் தொடங்குதல். மற்றதில் பிடிவாதம், பொறுமை, நல்ல உடுப்பிலும் சாப்பாட்டிலும் ஆசை. பிள்ளையைத் தெரிந்தவர்களிடம் தனித்தனியாகக் கொடுத்து, எது இவளுடையது என்று கேட்டேன்.

அத்தை வாசித்த உடனேயே பிடிவாதத் தாளைத் தூக்கினார். "இது எம்மகளேதான்." மாமா மற்றதை எடுத்து, "வாய்ப்பேச்சுன்னு போட்டிருக்குல்ல, வேற யாரு?" என்றார். பெரியப்பா இரண்டையும் திரும்பத் திரும்ப வாசித்துவிட்டு, எந்தப் பஞ்சாங்கத்தில் கணித்தது என்று தெரியாமல் சொல்ல முடியாது என்று திருப்பித் தந்தார்.

கடைசியாகப் பிள்ளையிடமே கொடுத்தேன். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள்.

"ரெண்டும் நான்தான் மாமா. ஆனா இந்த ரெண்டாவதுல வெளிநாட்டு யோகம்னு இருக்கு. தோஷமும் இல்லேங்கிறீங்க. அப்ப இதையே வச்சுக்குவோம்."